இருநூற்றைம்பதாவது தலை

பத்துப் பேர் சேர்ந்தால்தான் என் ஜீப் கிளம்பும்.
ஒன்பது பேரை வைத்துக்கொண்டு
ஒன்றரை மணி நேரம் தேநீர் குடித்திருக்கிறேன்.
எட்டுப் பேரும் ஓர் ஆடும் என்றால் யோசிப்பேன்;
ஆட்டுக்கு அரை டிக்கெட்.

குன்யாதாருக்குச் சாலை கிடையாது.
என் வண்டி நிற்கும் வளைவிலிருந்து
பைன் சரிவில் ஐந்து கிலோமீட்டர் ஏற்றம்,
ஓடைக்குக் குறுக்கே இரண்டு மரத்துண்டு,
மழைக்காலத்தில் ஒன்று.
காலை ஆறே முக்காலுக்கு ஹல்த்வானி பஸ்.
அதை விட்டால் நான்.
என்னையும் விட்டால் நாளைக்கு.

மேலே போகும் எதுவும்
தில்பகதூரின் நெற்றியில் தொங்கித்தான் போகும்:
சிமெண்ட், சிலிண்டர், ஜசுலியின் தையல் மெஷின்,
சீதனமாய் வந்த பீரோ.
கால் ஒடிந்த ஹயாத் சிங் மட்டும்
அதே பட்டையில் கீழே வந்தார்.
நேபாளத்து ஆள். பட்டை தேய்த்த இடத்தில்
முடி முளைப்பதில்லை.
மனைவி மன்மாயா, மூன்று வயதில் ஒரு பையன்,
பஞ்சாயத்துக் கட்டடத்தின் பின்னால் தகரக் கொட்டகை.
எட்டு வருஷமாய்.

கணக்கெடுக்க வந்தார் ஹேமா டீச்சர்,
முதுகில் பை, காலுறையில் அட்டை.
மூன்றாம் நாள் மாலை ஊர் கூடியது.
நானும் ஏறிப் போயிருந்தேன்;
சாலை வந்தால் எனக்கும்தானே லாபம்.

இருநூற்று நாற்பத்தேழு, என்றார்.
இருநூற்றைம்பது இருந்தால் சாலை உண்டு,
காகிதம் அப்படிச் சொன்னது.

மூன்று தலைக்கு அலசினார்கள் ஊரை.
தில்லி ஓட்டலில் தட்டுக் கழுவும் குந்தன்
தீபாவளிக்கு வருவானே, சேர்க்கக் கூடாதா?
எல்லையில் பனியில் நிற்கும் பவான் சிங்?
ஹரக் சிங் மருமகளுக்கு ஏழு மாதம்,
அது அரையாவது தேறாதா?
போன மாதம் செத்த கீமானந்த்
கொஞ்சம் பொறுத்திருக்கலாம்
என்று அவர் மகனே சொன்னான்.

டீச்சர் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்:
அந்தக் கொட்டகையில் யார்?

அவர்கள் நம்ம ஊர் இல்லை.
நேற்று ராத்திரி எங்கே தூங்கினார்கள்?
அங்கேதான்.
போன வருஷம்?
அங்கேதான், ஆனால்...

பேனா மூடியைத் திறந்தார்.

தில்பகதூர் அப்போதுதான் படியேறி வந்தான்,
யாருடைய சிலிண்டரோ முதுகில்.
குனிந்த தலையை எண்ணினார்,
வாசலில் நின்றவளை எண்ணினார்,
சேலையைப் பிடித்திருந்ததையும் எண்ணினார்.
நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. ஐம்பது.
ஹயாத் சிங் எழுந்து நாற்காலியைத் தள்ளினார்.
சுமையோடு உட்காரத் தெரியவில்லை அவனுக்கு;
நின்றுகொண்டே
யாரோ நீட்டிய வெல்லத்தை வாங்கிக்கொண்டான்.

நாலு வருஷம் ஆனது.
ஜேசிபி வந்தது, மலை கொஞ்சம் போனது,
தார் வந்தது, அதில் பாதி முதல் மழையில் போனது.
என் ஜீப் பள்ளிக்கூட முற்றம்வரை ஏறியது.
ஒரே நடையில் ஆறு சிலிண்டர்,
ஒன்றுக்கு இருபது ரூபாய்.
யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை.
யாரும் கூப்பிடவும் இல்லை.

பனி விழத் தொடங்கிய வாரம்
ஒரு தகரப் பெட்டியோடு மூவரும் நின்றார்கள்.
இன்னும் ஏழு பேர் வரணும் இல்லையா, என்றான் அவனே.
நான் சாவியைத் திருகினேன்.

ஏறி இறங்கியே வளர்ந்த பையன்
நாலாவது வளைவில் வாந்தி எடுத்தான்.
நிறுத்தினேன். மன்மாயா முகம் துடைத்தாள்.
தில்பகதூர் இறங்கித் தடுப்புச் சுவரைப் பார்த்தான்.
அதில் பாதிக் கல் அவன் சுமந்தது;
எது எது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

கீழே வந்ததும் காசை நீட்டினான்.
பையனுக்கு அரை போதும், என்றேன்.

டீச்சர் அவனை ஒன்று என்றுதான் எழுதினார்,
என்று சொல்லி
முழுசாய்க் கொடுத்தான்.