எடைமேடையில் இரவு ஷிப்ட்

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலை,
மணி இரண்டு பத்து.
வரிசையில் பதினேழு லோரி.
ஒரு காதில் ஆல்பம்,
மறு காது எடைமேடைக்கு.

மூன்றாவது டிராக்.
கிட்டார் எதையோ சொல்ல வந்து
சொல்லாமல் சுற்றுகிறது.
அடியில் சிந்தசைசர் ஒரே சுருதியில் இரைய,
பாய்லர் ஆவி விடும் சத்தம்
எங்கே சேர்ந்துகொண்டது, தெரியவில்லை.

"யாரு பாடுறா தர்மினி?"
சீட்டை நீட்டினார் குணாளன்.
யாரும் பாடலண்ணே.
"பாடாத பாட்டுக்கா
இந்த ஆட்டு ஆட்டுற தலைய?"

மேசையில் கிடந்த மறு இயர்பட்டைத்
துடைத்துக் கொடுத்தேன்.
செருகினார். முகம் சுளித்தார்.
"மூணாவது கியர்ல கிளட்ச் வழுக்குது."

பிறகு டிரம் இறங்கியது.
ஸ்டியரிங்கில் அவர் சுண்டுவிரல்
மட்டும்.
பின்னால் ஹார்ன். இன்னொரு ஹார்ன்.
அந்த ஒன்று சரியாகத்
தாளத்தில் விழுந்தது.
இருவரும் நிமிர்ந்தோம்.

பத்து டன் நானூறு.
ரசீதைக் கிழித்தேன்.
லோரி நகர்ந்தது
என் இயர்பட்டோடு.

குலை கொட்டும் மேடைக்குத் திரும்பும் வளைவில்
அவருக்கு அறுந்திருக்கும்.
எனக்கு நாலாவது ஓடுகிறது,
பாதி.