பத்தொன்பதாம் சுற்று

பத்தாயிரம் மீட்டர் என்றால் இருபத்தைந்து சுற்று.
பள்ளிக்கூடம் சொல்லித் தந்ததல்ல அது.
சுங்கை தெராத்தாய் டவுனில்
ஆ செங் கடை டிவி சொன்னது.
ஜாகர்த்தாவில் தனபாக்கியம் ஓடிய அன்று
கோப்பி எல்லாம் ஆறிப்போனது.
கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும்
ஒன்னாம் டிவிசனும் மூனாம் டிவிசனும்
ஒரே பெஞ்சில் ஏறி நின்று கத்தின.
பெஞ்சு முறிந்தது. ஆ செங் காசு கேட்கவில்லை.

அது அப்போது.
பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது.
லயத்தை இடித்து ஃபிளாட் கட்டினார்கள்.
வேலை கிடைக்கும் முன்னால்
எங்களுக்கு ஓர் எண் கிடைத்தது.
மூனாம் டிவிசனுக்கு வேறோர் எண்.
எண்ணுக்காக ஒருத்தன் சாவான் என்று
எந்த வாத்தியாரும் கணக்குப் போடவில்லை.

லோகேந்திரன் செத்தது பாசார் மாலாமுக்குப் பின்னால்,
கரும்புச்சாறு மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.
வெட்டியது நான் இல்லை.
மோட்டார் ஓட்டியது நான்.
இந்த இரண்டு வரிக்கும் நடுவில்தான்
பதினாறு வருசமாகக் குடியிருக்கிறேன்.
வெட்டியவன் உள்ளே போனான்.
என் பெயரை யாரும் சொல்லவில்லை.

லோகேந்திரன் அவளுக்கு அண்ணன் மகன்.

கருமாதி முடிந்த மறுநாள் சாயங்காலம் ஓடி வந்தாள்.
ஏழு கிலோமீட்டர் செம்மண் ரோடு,
பொழுது சாய்ந்தால் இரண்டு பக்கமும் கால் வைக்காத ரோடு.
பழைய சப்பாத்து. நாற்பத்தொரு வயசு.
கதவைத் திறந்தது நான்.
கட்டிலுக்கடியில் பாராங்.
காலால் இன்னும் உள்ளே தள்ளினேன்.

'ஒரு வாரம் குடு' என்றாள்.
சாமி, சட்டம், சமாதானம், ஒரு வார்த்தை இல்லை.
'ஒரு வாரம் ஒங்க பக்கம் யாரும் கை ஓங்கக்கூடாது.
அவங்ககிட்டயும் கேட்டுட்டேன்.
அடுத்த வாரம் வந்து இன்னொண்ணு கேப்பேன்.'
தண்ணி கேட்டாள். குடித்தாள். திரும்பி ஓடினாள்.

சிரித்தோம்.
சிரிப்புக்காகத்தான் வாரத்தை எண்ணினோம்.
மூன்று. ஏழு.
பதினொன்றில் மழை;
குலை லோரியே புதைந்த ரோட்டில்
முழங்கால் சேறோடு வந்து நின்றாள்.
சார்ஜன் ஹம்டான் மோட்டாரில் துணை வந்தாராம்,
வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

ஒருமுறை கேட்டேன், எந்தச் சுற்று கஷ்டம் என்று.
முதல் சுற்றில் எல்லாரும் வீரர்தான், என்றாள்.
கடைசிச் சுற்றை மணியே ஓட்டிவிடும்.
பத்தொன்பதுதான்.
முன்னால் போகிறவள் முதுகு தெரியாது.
பின்னால் வருகிறவள் மூச்சு கேட்காது.
ஜனம் கச்சாங் வாங்க எழுந்து போயிருக்கும்.
அப்போதுதான் கால் வாய் திறக்கும்:
போதுமே.

பத்தொன்பதாம் வாரம்
கல்யாண வீட்டில் எங்கள் பையன் ஒருத்தன்
பாட்டிலை உடைத்தான். எதிரே நின்றவனுக்கு ஒன்பது தையல்.
அன்றிரவு டிவிசன் முழுக்க
விளக்கை அணைத்துக் காத்திருந்தோம்.
வந்தது அவள் மட்டும்.
நெற்றியில் கல்லடி, புருவம் வரை ரத்தம்.
எந்தப் பக்கத்துக் கல் என்று கேட்டோம்.
'கல்லுக்கு ஏதுடா நம்பரு.
ஒண்ணுலேருந்து தொடங்கணும். ஒரு வாரம் குடு.'

அப்போது சொன்னேன், வாசலில் வைத்து.
அக்கா, அன்னிக்கு மோட்டார் ஓட்டுனது நான்தான்.
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.
'தெரியும்' என்றாள்.
'அதான் மொதல்ல ஒன் வீட்டுக்கு வந்தேன்.'
அன்று தண்ணி கேட்கவில்லை.

எண்ணுவதை விட்டுவிட்டோம் என்று சொல்ல ஆசைதான்.
இல்லை, எண்ணுகிறோம்.
நாலு தடவை ஒன்றுக்குத் திரும்பினோம்.
இது முந்நூற்று ஆறாவது வாரம்.
அவளுக்கு இப்போது பாதி ஓட்டம், பாதி நடை.
எனக்கு லோரி, அதே ரோட்டில்.
முன்னால் அவள் முதுகு தெரிந்தால்
முதல் கியருக்கு வந்துவிடுவேன், தூசி எழாமல்.
முந்திப் போக இடம் இருக்கிறது.
முந்தினால் அவளுக்குப் பிடிக்காது.
பின்னால் ஹாரன் அடிக்கிறான் எவனோ,
அடிக்கட்டும்.