கராகோயோ முச்சந்தி

பேருந்து நின்றபோது யாரும் தலையை நீட்டிப் பார்க்கவில்லை.
அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.
ஓட்டுநர் எலூத்தேரியோ இன்ஜினை அணைத்துவிட்டுத்
தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு
"ப்ளோக்கேயோ" என்றார்,
தூறல் போடுகிறது என்று சொல்வதைப் போல.

மறியல் எனக்குத் தெரியாததல்ல.
எங்கள் பக்கம் காலிக் குடங்களோடு உட்காருவார்கள்.
தாசில்தார் ஜீப்பில் வருவார், ஏதோ எழுதித் தருவார்,
பதினொன்றரைக்கெல்லாம் பஸ் கிளம்பிவிடும்.
இங்கே இது பதினோராம் நாள்.
கல்லுக்குக் கல் இடம் விட்டு
நான்கு கிலோமீட்டருக்குப் பரப்பி வைத்திருக்கிறார்கள்,
வடகம் காயப்போட்டதுபோல்
நிதானமாக.

என் மடியில் ஒரு பெட்டி.
ஓருரோ ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் மெஷினுக்கு
ஒரு பம்ப், இரண்டு வால்வு, ஒரு போர்டு.
ஒன்பது கிலோ.
கம்பெனி கொடுத்த தாளில்
பயண நேரம் மூன்றரை மணி என்று அச்சிட்டிருக்கிறது.
எப்போது சேருவாய் என்று
காலையிலிருந்து ஆறு முறை கேட்டுவிட்டார்கள்.
இந்த உயரத்தில்
மூச்சே தவணை முறையில்தான் வருகிறது.
ஆறாவதற்கு மட்டும் பதில் தட்டினேன்.
சிக்னல் இல்லை.

"ஆய் பாசோ?"
வழி உண்டா?
எதிரிலிருந்து நடந்து வருகிறவர்களிடமெல்லாம்
எல்லோரும் கேட்கிறார்கள்.
கோழிக்கூண்டு சுமந்து வந்தவர் உண்டு என்றார்.
இருபதடி பின்னால் வந்த அவர் மனைவி
இல்லை என்றாள்.

இரவு கண்ணாடியின் உள்பக்கம் பனி பிடித்தது.
பின் ஸீட்டு நிக்கானோர்
தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தந்தார்.
தந்தவர் விடியும்வரை
மறியல்காரர்களைத் திட்டிக்கொண்டே இருந்தார்.
விடிந்ததும் இறங்கிப் போய்
அவர்கள் மூட்டிய தீயில் கை காய்ச்சினார்.
அவர்களும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.
நூறடி நடை, பிறகு ஒரு நிற்றல்.
மூன்றாம் நிற்றலில் செனோபியா.
கருப்புத் தொப்பி, இரண்டு ஸ்வெட்டர்,
ஊர்ச் சங்கம் கொடுத்த அட்டை கழுத்தில்:
வீட்டுக்கு ஒருவர் காவலுக்கு வரவேண்டும்,
வராத நாளுக்கு அபராதம்.
இன்று அவள் முறை.
"இன்ஹெனியேரா, திற" என்றாள்.

திறந்தேன்.
அது என்ன என்று சொல்ல ஸ்பானிஷ் போதவில்லை,
முதுகுப்புறம் இடுப்புக்கு மேலே தொட்டுக் காட்டினேன்.
பம்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.
தன் மைத்துனன் செவ்வாயும் வெள்ளியும்
அங்கேதான் படுக்கிறான் என்றாள்.
பிறகு எதற்கு மறிக்கிறீர்கள் என்று
நான் கேட்கவில்லை.
முகம் கேட்டிருக்கும்.

"எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது.
இருக்கிற ரோட்டில்தானே உட்கார முடியும்."

ஒரு கல்லைக்கூட அவள் நகர்த்தவில்லை.
விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தாள்.
ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியோடு
ஒரு பையன் ஓடி வந்தான், வில்மெர்.
அந்தப் பக்கம் வேறு பஸ் நிற்கிறது,
அதுவரைக்கும் இருபது பொலிவியானோ என்றான்.
செனோபியா அவனிடம்
ஐமாராவில் ஏதோ நீளமாகப் பேசினாள்.
பன்னிரண்டாயிற்று.
அதிலும் இரண்டு சங்கத்துக்கு என்று வாங்கிக்கொண்டாள்.

வண்டி கற்களுக்கிடையே வளைந்து வளைந்து போயிற்று.
மெஷினும் மனிதரும் காத்திருக்கிற திசையில்
ஒரு பாம்பு போல, அவசரமில்லாமல்.
மூன்று கட்டில்கள், ஒரே மெஷின் ஓடுகிறது
என்று நர்ஸ் போனில் சொன்னது
ஒவ்வொரு வளைவிலும் நினைவுக்கு வந்தது.
கோபம் வந்தது.
யார்மேல் என்று தெரியாத கோபத்துக்கு
மூச்சு கொஞ்சம் அதிகம் செலவாகிறது.

பார்க்காமல் ஒரு கல்லை உதைத்துவிட்டேன்.
உருண்டு ஓரத்துப் பள்ளத்துக்குப் போயிற்று.
ஒரு பஸ் சக்கரம் அளவுக்கு வழி.

சுற்றிலும் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.
பள்ளத்தில் இறங்கி எடுத்து வந்து
இருந்த இடத்தில் வைத்தேன்.

வண்டியை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல்
வில்மெர் சொன்னான்:
"அங்கே இல்லை.
இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்."