அரை மில்லிமீட்டர்

தைராய்டுக் கட்டியை எடுத்த இரவு
தண்ணீர் கேட்டேன்.
காற்றுத்தான் வந்தது.
வீக்கம், இரண்டு கிழமையில் சரிவரும் என்றார்கள்.
ஆறாம் கிழமை மூக்குவழி கமெரா விட்டு
டொக்டர் பூஷார் திரையில் காட்டினார்:
வலது நாண் வந்து வந்து தேடுகிறது,
இடது நாண் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இடது நரம்புக்கு ஒரு பழக்கமாம்.
தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி
பெருநாடியை ஒருதரம் சுற்றி
மறுபடி ஏறித்தான் குரலுக்கு வருமாம்.
பார்க் ஸ்டேசனிலிருந்து ஜோன்-தாலோனுக்கு
லோங்கேய் வழியாகப் போகிறமாதிரி.
ஏன் என்று கேட்க நினைத்தேன்.
எழுதிக் கேட்க வெட்கமாக இருந்தது.

நசிந்ததென்றால் ஒரு வருசத்துக்குள் தானாக உயிர்க்கலாம்.
அதுவரைக்கும் ஓர் ஊசி, நாணுக்குள் கொஞ்சம் ஜெல்.
மூன்று மாதம் குரல்போல ஒன்று இருந்தது,
பிறகு உடம்பு அதைக் கரைத்துக் குடித்துவிட்டது.

என் தொழில்
மற்றவர்களின் 'நான்'.
அகதி விசாரணையில் அவர்கள் தமிழில் நான் என்பார்கள்,
நான் பிரெஞ்சில் நான் என்பேன்.
அவர் சொன்னார், அவ சொன்னா என்பது கூடாது. விதி.
பதினாறு வருசத்தில்
கடற்றொழிலாளி, வங்கி லிகிதர்,
நகம் கடிக்கும் பத்தொன்பது வயதுப் பெடியன்,
எல்லாராகவும் இருந்தாயிற்று.
இப்போது மருந்துக்கடையில்
பவளராணி என்று எழுதி நீட்டுகிறேன்.
அந்தப் பெண் மூன்று விதமாக வாசிக்கிறாள்.
மூன்றும் பிழை.
தலையாட்டுகிறேன்.

குரல் பயிற்சிக்கு மிரேய்,
கையில் நிறுத்தற்கடிகாரம்.
ஆ என்று இழுங்கள், மூச்சு முடியுமட்டும்.
நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று
பாடமாக்கி நூற்றுக்கு நூறு எடுத்தவள்
நாலாவது விநாடியில் நின்றுபோனேன்.
அவள் நாலு என்று எழுதினாள்.
ஈ சொல்லுங்கள்.
ஈ எங்களுக்குப் பூச்சி. கொடு என்றும் அர்த்தம்.
அதை அவளுக்கு விளங்கப்படுத்தக் குரல் வேண்டும்.

நாடியை நெஞ்சில் முட்டவைத்துத்
தேத்தண்ணி விழுங்கப் பழகினேன்.
இல்லாவிட்டால் புரைக்கேறும்.
இவர் மேசைமணி ஒன்று வாங்கிவந்தார்.
அடித்தால் வருவார், சிலவேளை
அடிக்காமலே வந்து வாசலில் நிற்பார்.
நாங்கள் சண்டை பிடிக்காத வருசம் அது.
அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது
எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பதின்மூன்றாம் மாதம் சத்திரசிகிச்சை.
மயக்கமாட்டார்கள், கழுத்து மட்டும் மரத்திருக்கும்.
குருத்தெலும்பில் ஜன்னல் வெட்டி
சிலிக்கன் துண்டு செருகி
அசையாத நாணை அசைகிறதின் பக்கம் தள்ளுவது.
எவ்வளவு தள்ளுவதென்று
நான்தான் பேசிக் காட்டவேண்டும்.

எண்ணுங்கள்.
அன், து, துறுவா. கீச்சு.
எடுத்தார், சீவினார், செருகினார்.
எண்ணுங்கள். கரகரப்பு.
இன்னும் அரை மில்லிமீட்டர்.
எண் போதும் மடாம், உங்கள் மொழியில் ஏதாவது பேசுங்கள்.

வெளிச்சத்துக்குக் கீழே
ஒரு வசனமும் வரவில்லை.
பிறகு வந்தது:
"கதவு தட்டேக்கை நான் சோறு வடிச்சுக்கொண்டு நிண்டனான்."

என் வசனமில்லை.
பச்சைச் சால்வை போட்ட ஒருத்தி,
ஒன்பது வருசத்துக்கு முந்திய மாசி மாதம்.
கேட்டதை வெளியே விடமாட்டேன் என்று
சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்த கதிரை.

அதுதான், என்றார் பூஷார். அசையாதீர்கள்.
அந்த இடத்தில் துண்டை இறுக்கித் தைத்தார்.

அறையில் நாலு பேர்.
ஒருவருக்கும் தமிழ் தெரியாது.
மீறினேனா இல்லையா என்று
இன்னும் எனக்குத் தெரியாது.

பங்குனியில், பனி கறுத்துக் கிடந்த ஒரு காலை
விசாரணை அலுவலகத்திலிருந்து அழைப்பு.
மடாம் பவளராணி இருக்கிறாரா?
நான்தான் என்றேன், இந்தத் தாழ்ந்த குரலில்.
இல்லை மெசியே, மடாமைத்தான் கேட்கிறேன்.
வியாழன் ஒன்பது மணிக்கு ஒரு வழக்கு,
வந்தால் சொல்லிவிடுவீர்களா?

சொல்லிவிடுகிறேன், என்றேன்.