வெறும் வயிறு

பிழை முதலில் இட்லியாகத்தான் வந்தது.

சத்துவாச்சாரி லேப், திங்கள் காலை ஆறே முக்கால்.
சர்க்கரை பார்க்க வந்த பதினாலு பேரில்
பதினோரு பேர் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள்.
"மெசேஜ் ஒண்ணும் வரலியேம்மா" என்றார்
அணைக்கட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த துரைக்கண்ணு.
மீசையில் இன்னும் சாம்பார்.
ரத்தம் எடுக்கும் எப்சிபா என்னைப் பார்த்த பார்வையில்
பதினோரு ஊசியும் இருந்தன.

தினமும் மாலை ஏழு பத்துக்குத்
தானாக எழுந்து, நாளை வருவோர் பட்டியலைத் திறந்து,
'தண்ணீர் மட்டும் குடிக்கலாம்' என்று
எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்
தானாகப் படுத்துக்கொள்ளும் ஒரு வேலை.
அதை யாரும் பார்த்ததில்லை.
சனி, ஞாயிறு இரண்டு மாலையும்
அது எழுந்திருக்கவில்லை என்பதையும்தான்.

திறந்தேன். நிலை: தயார்.
எப்போதும் தயார்தான், எங்கள் தெருக் குழாய் மாதிரி.
எஸ்எம்எஸ் பாக்கி இருந்தது. கடிகாரம் சரியாக இருந்தது.
சர்வீசை நிறுத்தி, இருபது வரை எண்ணி, எழுப்பினேன்.
ஸ்கிரிப்டைக் கையால் தட்டினால் குதிரையாய் ஓடுகிறது.
ஓடியதில், பட்டப்பகல் பன்னிரண்டுக்கு
பத்தொன்பது பேருக்கு 'வெறும் வயிற்றில் வரவும்' போய்விட்டது.
குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா போன் போட்டு,
"சோறு பெசஞ்சிட்டேன், இப்ப என்னா பண்றது?"

மாலை ஏழு பத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன்.
அசையவில்லை.
கடைசி ஓட்டத்தின் முடிவு: 2147943731.
"யார் நம்பர் சார் அது?" என்றாள் எப்சிபா.
பத்து இலக்கம், கேட்டதில் தப்பில்லை.

கணக்கு முடக்கப்பட்டுள்ளது, என்று அதற்குப் பொருள்.
யாருடைய கணக்கு?
கீழே, சின்ன எழுத்தில்: ஷம்ஷாத்.

பேரணாம்பட்டு ஷம்ஷாத்.
பத்து வருஷத்துக்கு முன்னால்
காட்பாடியில் பெங்களூர் ரயில் ஏறிப் போனவள்.
அவள் போனது சம்பளப் பட்டியலுக்குத் தெரியும்.
இந்த வேலைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
ஒவ்வொரு மாலையும் அவள் பெயரைச் சொல்லித்தான்
கதவைத் திறந்திருக்கிறது.
சனிக்கிழமை, ஆடிட்டர் கேட்டார் என்று
பழைய ஆட்களின் கணக்கையெல்லாம் மூடினேன்.
நான்தான்.
'எல்லாம் சுத்தம்' என்று மெயில் வேறு போட்டேன்.

அவளுக்கே போன் செய்தேன். அதென்ன ஏழு பத்து?
சிரித்தாள்.
"அப்பல்லாம் ஏழு மணிக்குத்தான் கரண்ட் வரும்.
மோடம் கண்ணு முழிக்கப் பத்து நிமிஷம்.
ஏழரைக்கு சீரியல் போட்டுட்டா
யாரு மெசேஜ் படிப்பா?"

புதுக் கணக்கு தொடங்கினேன், மனுஷப் பெயர் இல்லாமல்.
நேரத்தைத் தொடவில்லை.

புதன்கிழமை பதினேழு பேர்.
ஏழு மணிக்கே வெயில் கண்ணாடிக் கதவில் ஏறிவிட்டது.
இன்னும் எவ்வளவு நேரம், மயக்கம் வருது என்று
ஆளாளுக்குத் திட்டுகிறார்கள்.
ஒருவர் எதிரே தள்ளுவண்டியில் ஆவி பறப்பதை
முறைத்துக்கொண்டு நிற்கிறார்.
எப்சிபா ஒரு கையில் பஞ்சை அழுத்தியபடி
என் பக்கம் திரும்பி,
"ஓடிடுச்சு சார்."