அறுபத்து நான்கு எழுத்து

ஓவ்லுவில் ஜனவரி; மூன்று மணிக்கே இருட்டு.
உறைந்த கடல்மேல் யாரோ சைக்கிளில் போகிறார்கள்.
சலவை அறைக்குப் பக்கத்து அறையில்
என் சர்வர் ஓடுகிறது:
பழைய விளையாட்டு, இருநூற்றுப் பத்துப் பேர்,
மின்கட்டணம் என் சம்பளத்தில்.

இலையுதிர்காலத்தில் சுவருக்குள் நடப்பவர்கள் வந்தார்கள்.
கதவைத் தேடாமல் கல்லுக்குள் புகுந்து
கல்லுக்குள் நின்றபடியே அம்பெய்தார்கள்.
அதனால் வாசலில் ஒரு கேள்வி வைத்தேன்:
உன் கோப்பு ஒவ்வொன்றையும் அரைத்து
அறுபத்து நான்கு எழுத்தாக்கிச் சொல்,
என் பட்டியலோடு ஒத்தால் உள்ளே வா.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது
இங்கே செல்லாது.
அத்தனை பருக்கையும் கணக்கு.
ஒன்று மாறினாலும் விடை முழுக்க வேறு முகம்.
எவ்வளவு மாறியது என்று அது சொல்லாது.
ஏன் என்று
அதற்குத் தெரியவே தெரியாது.

முதல் இரவு பதினேழு பேர் வெளியே.
பெருமையாக இருந்தது. காபி போட்டுக் குடித்தேன்.

பதினெட்டாவது ஆள் வடகோடி உட்ஸ்யோகியிலிருந்து
அஸ்லக். ஆறு வருடமாக வருகிறவன்,
மருத்துவன் வேடம்,
யாரையும் ஒருமுறைகூட அடித்ததில்லை.
ஒரே ஒரு கோப்பு ஒத்துவரவில்லை: வண்ணப் பட்டியல்.
அனுப்பச் சொல்லித் திறந்து பார்த்தேன். மூன்று பைட்.
நஞ்சின் பச்சையை நீலமாக்கியிருந்தான்.

"எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்று, தெர்ஹி.
யாருக்கு நஞ்சு ஏறுகிறது, யாருக்கு ரத்தம் போகிறது
தெரியாமல் மூன்று பேரைச் சாகவிட்டேன்.
அப்புறம்தான் மாற்றினேன்."

அன்றிரவே சுவருக்குள்ளிருந்து ஓர் அம்பு.
பதிவேட்டைப் புரட்டினேன்.
வில்லாளி சரியாகத்தான் விடை சொல்லியிருக்கிறான்,
அறுபத்து நான்கும் அச்சுப் பிசகாமல்.
எதையும் அரைக்கவில்லை அவன்.
விடையை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறான்.
அவனைப் பற்றி அவனிடமே கேட்டது
நான்தானே.

சுவரை இனி சர்வரே அளக்கட்டும் என்று
இரண்டு நாள் தூங்காமல் எழுதினேன்.
நடுவில் ஒரு நேரம்
அஸ்லக்கின் கோப்பை என் கணினியில் போட்டு
நீல நஞ்சு எப்படித் தெரிகிறதென்று பார்க்கப் போனேன்.
பட்டியலில் அதைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

உங்கள் கோப்பு ஏற்கத்தக்கதல்ல.

என் வீட்டு வாசலில் நான்.
அந்த வாக்கியத்தை எழுதியவளும் நான்.
பட்டியலில் இன்னொரு வரி சேர்த்தேன்: இதுவும் சரி.
பிறகு வாக்கியத்தை அழித்துவிட்டு
என்ன மாற்றினீர்கள் என்று போட்டேன்.
கீழே ஒரு வெற்றுக் கட்டம்.

காலையில் நான்கு பதில்.
எழுத்தைப் பெரிதாக்கினேன் என்கிறாள் ஒருத்தி.
மழைச் சத்தத்தை எடுத்துவிட்டேன், தலை வலிக்கிறது.
குதிரைக்கு என் குதிரையின் நிறம்.
ஒன்றும் மாற்றவில்லை.

யாரோ ஒருவர் பொய் சொல்கிறார்.
சலவை இயந்திரம் நின்றுவிட்டது; துணியை எடுக்க வேண்டும்.