பதினொன்று இருபது

ஜீப்பை நிறுத்திய நேரத்தை முதலில் எழுதுகிறேன்:
ஆறு நாற்பத்தெட்டு.
என் வண்டிப் புகை கணக்கில் சேரக்கூடாது.
அடுத்த கட்டத்தில் ஒரு குறி.
அந்தப் பன்னிரண்டு நிமிடக் காற்று
உலகத்துக்குச் சொந்தமில்லை, எனக்கு மட்டும்.

ஐயாயிரத்து இருநூறு மீட்டர்.
கீழே பனிச்சறுக்கு விடுதியின் ஆளில்லாத சன்னல்கள்.
சறுக்கப் பனி இல்லாமல் போய்
கம்பிவடம் மட்டும் முனகுகிறது.
கோக்கா இலையைக் கடைவாயில் அதக்கியபடி
ஏணியில் ஏறி
உறிஞ்சுகுழாயின் வாயில் உறைந்ததைத் தட்டிவிடுகிறேன்.
மூச்சு வாங்குகிறது, எனக்கும் பம்புக்கும்.

கருவி செய்வது இவ்வளவுதான்:
காற்றைக் குடித்து
வண்டலை வெள்ளை நாடாவில் விடும்.
மேலே ஏழு நிறத்தில் விளக்கு, கீழே ஒரு கண்.
புறப்பட்ட ஒளியில் வந்து சேராதது எவ்வளவோ
அவ்வளவு கரி.
ஒப்பிட, பக்கத்திலேயே கறைபடாத ஒரு வட்டம்,
எல்லா வீட்டிலும் ஒரு மூத்த மருமகள் இருப்பதுபோல.

இதில் ஒரு சூது உண்டு.
நாடாவின் இழைகளுக்குள் ஒளி முட்டி மோதி
ஒரே துகளைப் பலமுறை கடப்பதால்
கரி உள்ளதைவிடக் கரியதாய்த் தெரியும்.
வெள்ளைத் துணியில் எதுவுமே அப்படித்தான்.
வகுத்துக்கொள்ள ஓர் எண் தந்திருக்கிறார்கள்.
அந்த எண்ணைப் பற்றி
கிரெனோபிளில் இன்னும் சண்டை ஓயவில்லையாம்.

நேற்றிரவு சான் ஹுவான்.
வருடத்திலேயே குளிர்ந்த இரவு என்று சொல்லி
எரியக்கூடியதை எல்லாம் எரிக்கும் இரவு.
நகராட்சி தடை போட்டிருந்தது.
ஒலிபெருக்கி வண்டி எங்கள் தெருவில் இரண்டு முறை வந்தது.
அது முனை திரும்பும்வரை எல்லோரும்
தொத்திறைச்சி வாங்க வந்தவர்கள்போல நின்றோம்.
பிறகு தோன்யா எவுஃபேமியா தீக்குச்சியைக் கிழித்தாள்.
பழப்பெட்டிகள், கால் போன நாற்காலி,
பையன்கள் உருட்டி வந்த ஒரு டயர்.
டயரை நான்தான் இழுத்து வெளியே போட்டேன்.
கரியை அளப்பவள் அல்லவா.
போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்
ருஃபீனோ விட்டுச்சென்ற கட்டிலின்
தலைமாட்டுப் பலகையைத் தூக்கி வந்தேன்.
வார்னிஷ் முதலில் கொப்புளித்தது. அப்புறம்தான் பிடித்தது.
என் மகள் மூன்று முறை தாண்டினாள்.
நான் ஒருமுறை.

இரவில் புகை மலை ஏறாது.
எல் ஆல்ட்டோவின் தகரக் கூரைகளை ஒட்டிப் படுத்துக் கிடக்கும்,
வெயில் வந்து எழுப்பும்வரை.
எட்டு மணி. நாடா வெளுத்தே இருக்கிறது.
ஒன்பது.
பத்து.
சன்னல் வழியே கீழே ஒரு பழுப்பு விளிம்பு,
பால் பொங்குமுன் ஏடு அசைவதுபோல.
அடுப்பில் சூப்பை ஏற்றுகிறேன்.
எண்பத்து மூன்று டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும் இடம்.
கொதிக்கும், ஆனால் எதையும் வேகவைக்காது.

பதினொன்று இருபது.
எண்கள் ஏறுகின்றன.
நாடா தானாக ஒரு வட்டம் நகர்கிறது.
அரைமணிக்குள் இன்னொன்று.
அகச்சிவப்பில் கொஞ்சம் குறைகிறது,
புற ஊதாவை வாரி விழுங்குகிறது.
டீசல் இப்படிச் சாப்பிடாது. இது மரம்.
எந்த மரம், யார் வீட்டுக் கட்டில் என்று
கருவி கேட்பதில்லை.
ஸ்வெட்டரை முகர்ந்து பார்க்கிறேன்.
அதைக் கழற்றி,
குழாய்க்கு எதிர்ப்பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு
நடுங்கிக்கொண்டு திரும்புகிறேன்.

ஓடிலிடமிருந்து செய்தி:
இந்த உச்சம் என்ன? உள்ளூர் மாசா?
நீக்கிவிடலாமா?

குறி போடும் கட்டத்தின் மேல் விரல் நிற்கிறது.
ஜீப்புக்குப் போட்டேன்.
கூரைக்குப் பெயின்ட் அடிக்க வந்தவனின் சிகரெட்டுக்கும் போட்டேன்.
இதுவோ பத்து லட்சம் பேரின் தெரு.
அதில் எள்ளிலும் நூறில் ஒன்று
என்னுடையது.

உள்ளூர்தான், என்று எழுதுகிறேன்.
நீக்க வேண்டாம்.

ஏன் என்று கேட்பாள்.
அதற்குள் அடுத்த வட்டமும் இருண்டு
நாடா நகர்ந்துவிட்டது.
உருளைக்கிழங்கைக் குத்திப் பார்க்கிறேன்.
இன்னும் வேகவில்லை.